கொடைக்கானல் ஏரி, பாம்பாறு: மீனிலும் வண்டலிலும் மெத்தில் பாதரசத்தை அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள நீர்வேதியியல், மீன்வளம், பொதுச் சுகாதாரத் துறையினர்,
கொடைக்கானல்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: ஏரி மீன், அடிவண்டல், பாம்பாற்று நீர் ஆகியவற்றில் மெத்தில் பாதரசத்தைத் தனியாக அளக்கவும், அதுவரை ஏரி வண்டலை வெளியே கொண்டுபோகத் தடை விதிக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன்பிறகு வந்த வாதங்களில் பெரும்பகுதி ஆலை வளாகத்து மண்ணைப் பற்றியது. மண்ணைத் தூய்மைப்படுத்தும்போது கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு போதுமா என்பதைப் பற்றியது. அந்த வாதத்தை நாங்கள் இங்கே எடுக்கவில்லை. வேலி தாண்டிப் போன பாதரசத்தைப் பற்றியே இம்மனு.

அது இரண்டு வழியாகப் போயிருக்கிறது. ஆவியாகிக் காற்றில் கலந்தது ஆலைக்கு வடக்கே உள்ள ஏரியில் படிந்தது. மழைநீரோடு சரிவில் இறங்கியது பாம்பார் சோலை வழியாகப் பாம்பாற்றில் சேர்ந்தது. அந்த ஆறுதான் கும்பக்கரை அருவியாக விழுந்து தேனி மாவட்டத்துக்குள் போகிறது.

உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். பாதரசத்தோடு கரிமம் சேர்ந்து உருவாகும் மெத்தில் பாதரசம் அப்படியல்ல. சுமார் 95 சதவீதம் இரத்தத்தில் ஏறிவிடும், மூளைக்கும் கருவுக்கும் போகும். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். ஏரியடியில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அங்கு படியும் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நீர்த்தாவரங்கள் மண்டி அழுகும் ஏரி இதற்கு வாகான இடம்.

இது வெறும் ஊகமல்ல. 2006-இல் வெளியான ஆய்வில் கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் காணப்பட்டது. மெத்தில் வடிவில் மட்டும் 50 நானோகிராம். வண்டலில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் வடிவம். பேரிஜம் ஏரியில் இது 3 முதல் 4 சதவீதம், கூக்கல் ஏரியில் 2 சதவீதம். பொதுவாக வண்டலில் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், 6 என்ற எண்ணை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். குடிநீர்ப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் நீரைப் பிடித்தால், பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டியும் ஊடுருவியும் போய்விடும். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அமிலத்தில் கழுவிய டெஃப்லான் அல்லது கண்ணாடிப் பாட்டில் வேண்டும். வெளி மாசு கலக்காதிருக்க ஒருவர் பாட்டிலை மட்டும் தொட வேண்டும், மற்ற வேலைகளை இன்னொருவர் பார்க்க வேண்டும். 0.4 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, இருட்டில், குளிரில் வைக்க வேண்டும். வண்டலின் மேல் 5 செ.மீ. அடுக்கைத் தனியாக எடுத்து அங்கேயே உறைய வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் வழியிலேயே பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும்.

மீனில் செலவு குறைவு. மீன் தசையில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில் வடிவமே. எனவே முதலில் மொத்தப் பாதரசத்தை அளந்து, உணவுப் பாதுகாப்பு விதியின் மெத்தில் பாதரச வரம்பான கிலோவுக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டும் மாதிரிகளை மட்டும் மெத்தில் பாதரசப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் போதும். ஒவ்வொரு மீனின் நீளம், எடை, இனத்தைக் குறிக்க வேண்டும். சிறிய கெண்டையை மட்டும் பிடித்து "மீன் நல்லது" என்று எழுதினால் அது அளவீடாகாது; பாதரசம் அதிகம் சேரும் பெரிய மீனும், கும்பக்கரைக்குக் கீழே விராலும் கட்டாயம் வேண்டும். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அளித்த அங்கீகார வரம்பில் "மெத்தில் பாதரசம்" என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பணி ஆணைக்கு முன்பே பார்த்துவிடக் கோருகிறோம். வெறும் "பாதரசம்" என்றிருந்தால் போதாது.

ஏரி மீனை அடிக்கடி உண்ணும் கருவுறும் வயதுப் பெண்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன், தலைமுடிப் பரிசோதனை நடத்த வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை மூச்சில் போன பாதரச ஆவியைக் காட்டும். மீன் வழி வந்ததைச் சரியாகக் காட்டாது. பின்தலையில் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி, அந்த முனையிலிருந்து 3 செ.மீ. எடுத்தால் ஏறக்குறைய 3 மாத வரலாறு கிடைக்கும்.

அவசரமானது வண்டல். குளங்களைத் தூர்வாரி வண்டலை விவசாயிகளுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். இந்த ஏரிக்கு மட்டும் அது பொருந்தாது. பாதரசம் கலந்த வண்டலை நீர் தேங்கும் வயலில் போட்டால், ஏரியடியில் நடப்பதே வயலிலும் நடக்கும். அளவீடு முடியும்வரை ஏரியில் எடுக்கும் வண்டலுக்கு வெளியேற்ற அனுமதிச் சீட்டு தர வேண்டாம். களை அகற்றும் இயந்திரமும் அடிச்சேற்றைக் கிளறாத ஆழத்தில் மட்டும் ஓடட்டும்.

மாதிரி எடுப்பை ஏப்ரல்–மே மாதங்களில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறையும் நடத்தி, பேரிஜம் ஏரியை ஒப்பீட்டுக்கு வைத்து, முடிவுகளைத் தமிழில் நகராட்சி அலுவலகத்தில் ஒட்டுமாறு வேண்டுகிறோம். பாம்பாறு இரு மாவட்டங்களில் ஓடுவதால் தேனி மாவட்ட ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இம்மனுவின் நகலை அனுப்பியுள்ளோம். மாதிரி எடுக்கும் நாளை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால், ஏரிக்கரையில் உடனிருந்து உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)