முதல் தீர்ப்பின் நகல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். மகளிர் நீதிமன்றத்தில் சிறப்பு அரசு வழக்கறிஞராகப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படியொரு பாலியல் வன்கொடுமை வழக்கு உன் கைக்கு வந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "ஏற்கெனவே இதே குற்றத்துக்குச் சிறை சென்று வந்தவன் அப்பா, இவனுக்குத் தூக்குக் கேட்டால் என்ன?" என்று எழுதியிருக்கிறாய்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 71ஆவது பிரிவுப்படி, முன்பே பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்றவன் மறுபடியும் அதே குற்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால் எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும் சிறை, அல்லது மரண தண்டனை. ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதை பெஞ்ச் கிளார்க்காக இருந்து நான் கண்ணால் பார்த்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2016ஆம் ஆண்டு. அப்போது இதே விதி இந்திய தண்டனைச் சட்டத்தில் 376-இ என்று இருந்தது, 2013இல் சேர்த்தார்கள். எங்கள் நீதிமன்றத்தில் பாலியல் வன்கொடுமை வழக்கில் கூண்டில் நின்ற ஆள், முன்பே வேறொரு மாவட்டத்தில் அதே குற்றத்துக்காக ஏழு ஆண்டு தண்டனை பெற்று, தண்டனைக் குறைப்பில் முன்னதாகவே வெளியே வந்தவன். காவல்துறைக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். குற்றப்பத்திரிகையில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முந்தைய தண்டனையைத் தண்டனை விதிப்பதற்கு முன் எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டில் சேர்க்கலாம். அதற்கு முதல் தீர்ப்பின் சான்றிட்ட நகலோ சிறை அதிகாரியின் சான்றோ வேண்டும். அதில் இருப்பவனும் கூண்டில் நிற்பவனும் ஒருவனே என்பதற்குச் சாட்சியமும் வேண்டும். இரண்டு வாய்தா வாங்கினார்கள். நகல் வரவில்லை.

தண்டனை குறித்து என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டார். கூண்டின் கட்டையை விரலால் தடவிக்கொண்டே, வயதான தாய் இருக்கிறாள், இதுதான் முதல் தடவை, கருணை காட்டுங்கள் என்றான். முதல் தடவையாம்! அதைப் பொய் என்று சொல்ல எங்கள் வழக்குக் கட்டுக்குள் ஒரு தாள் இல்லை. பத்து ஆண்டு. தீர்ப்பில் முத்திரை வைத்தவன் நான்தான்.

வெளியே வராந்தாவில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தாய் என்னை நிறுத்தி, "இவன் எப்போது வெளியே வருவான் ஐயா? வந்தால் எங்களுக்குச் சொல்வார்களா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

தூக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவன்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்த வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி தெரிந்தவன், பல வேளைகளில் சொந்தக்காரன். தூக்கு என்றால் வீட்டாரே பிள்ளையின் வாயை அடைப்பார்கள், சாட்சிகள் பிறழ்வார்கள். பிடிபட்டால் எப்படியும் சாவுதான் என்று நினைப்பவன் அவளை உயிரோடு விடுவானா? பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவதற்காக அமைக்கப்பட்டு 2013 ஜனவரியில் அறிக்கை தந்த நீதிபதி வர்மா குழுவும் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. மும்பை சக்தி மில்ஸ் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் மூன்று பேருக்கு 376-இ பிரிவில் 2014இல் தூக்கு விதித்தார்கள். 2021இல் உயர்நீதிமன்றம் அதை வாழ்நாள் முழுவதும் சிறையாக மாற்றியது. பரோலும் கிடையாது என்றது. நீயும் அதையே கேள். இப்படிப்பட்டவன் கதவுக்கு அந்தப் பக்கமே இருக்க வேண்டும். அவன் மனம் திருந்தினால் நல்லது, உள்ளேயே திருந்தட்டும். மூன்றாவதாக ஒரு பெண்ணை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொன்றும் உண்டு அம்மா. சட்டத்தின் கணக்கில் தீர்ப்பான குற்றம்தான் முந்தைய குற்றம். நாலு வழக்கில் சமரசம் பேசித் தப்பியவன் ஐந்தாவதிலும் புதியவனாகத்தான் நிற்பான். அதனால் சிறிய வழக்கு என்று எதையும் ஒதுக்காதே. முதல் வழக்கை ஒழுங்காக நடத்தி முடித்தால்தான் இரண்டாவதில் உன் கையில் ஆயுதம் இருக்கும்.

விசாரணை அதிகாரியிடம் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைப் பார்க்கச் சொல். 2018இலிருந்து காவல்துறையின் கையில் இருக்கிறது. ஆனால் அது துப்புக்குத்தான் உதவும், நீதிபதி முன் தாள்தான் பேசும். நகல் மனுவைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதே. ஒரு காவலரை நேரில் அனுப்பி வாங்கிவரச் சொல். சிறையிலிருந்தும் தனியாக ஒரு சான்று கேள். ஒன்று தவறினால் மற்றொன்று இருக்கும்.

உன் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை எனக்கு எழுதாதே, எனக்குத் தெரிய வேண்டாம். மிரட்டல் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த வாரமே மனுப் போட்டுவிடு. அவளுடைய தாய் வராந்தாவில் உன்னை நிறுத்திக் கேட்டால், நின்று பதில் சொல்.

நகல் கைக்கு வந்த அன்றே எனக்கு ஒரு வரி எழுது.

உன் அப்பா