கேட்டுவிட்டு இறங்கியவர்கள் உண்டா?

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் போடத்தான் நினைத்தேன், தோப்பு வேலை விடவில்லை. வெள்ளை ஈ இந்த வருஷமும் தென்னையை விட்டபாடில்லை. மேல் ஓலையில் ஈ அப்பிக் கிடக்கிறது, அது விடும் பிசின் கீழ் ஓலையில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, விரலால் தேய்த்தால் கரி ஒட்டுகிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பாலக்காட்டில் நல்லபடியாக முடிந்தது. பெரியவள் பத்தாவது. இங்கே தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு அடுத்து பொள்ளாச்சியா, கோயம்புத்தூரா என்று வீட்டில் தினமும் பேச்சு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற அளவுக்கு வேற்றுக்கிரகத்து இனம் ஒன்று வளர்ந்திருந்தால், அது தன் அணுகுண்டுக் காலத்தைத் தாண்டி வந்திருக்க வேண்டும், அப்படித் தாண்டியவர்கள் வெறியும் பேராசையும் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். நெடுங்காலம் பிழைத்த நாகரிகம் சாதுவாகவே இருக்கும் என்பது அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் நம்பிக்கையும்கூட. எனக்கு அது ஒப்பவில்லை. வீட்டுக்குள் அடித்துக்கொள்ளாமல் வாழப் பழகியவன் பக்கத்து ஊர்க்காரனிடமும் அப்படியே நடந்துகொள்வான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எச்.ஜி. வெல்ஸ் 1898-லேயே இதைப் பார்த்துவிட்டார். 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் வருகிற செவ்வாய்வாசிகள் தங்களுக்குள் சண்டை போடுவதாக எங்கேயும் இல்லை. அறிவில் நம்மைவிட எங்கேயோ இருக்கிறார்கள், ஆனால் மனிதனைப் பிடித்து அவன் ரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் டாஸ்மேனியப் பழங்குடிகளை நம் ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்று யோசியுங்கள் என முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் சொல்லிவிடுகிறார். ரயிலும் தந்தியும் வைத்திருந்த தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் ஜனங்களைப் பார்த்தே இதை எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

நீ உதாரணம் காட்டிய 1951-ஆம் வருஷத்துப் படம், 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்', அதையே இன்னொரு தடவை பார். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவன் 'நாங்கள் உத்தமர்கள் ஆகிவிட்டோம்' என்று சொல்லவில்லை. சண்டையைத் தொடங்குகிறவனை அழிக்கும் அதிகாரத்தை ரோபோக்களிடம் கொடுத்துவிட்டோம், பயத்தில் எல்லாரும் அடங்கியிருக்கிறோம் என்றுதான் சொல்கிறான். போலீஸ்காரன் நிற்கும் தெருவில் திருட்டு நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆர்தர் கிளார்க் 1953-இல் எழுதிய 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலிலும் மேலே இருந்து வந்தவர்கள் போரை நிறுத்துகிறார்கள், மிருகவதையை நிறுத்துகிறார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் மனுஷ ஜாதி எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை மனுஷனிடம் யாரும் கேட்பதில்லை.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' நாவல். அதில் யே வென்ஜியே என்ற விஞ்ஞானி. சீனக் கலாச்சாரப் புரட்சியில் அவள் அப்பாவை அவள் கண்ணெதிரே அடித்துக் கொல்கிறார்கள். மனிதர்களை இனித் திருத்த முடியாது என்று நொந்து போனவள், விண்வெளியிலிருந்து வந்த சமிக்ஞைக்குப் பதில் அனுப்பி 'வாருங்கள்' என்று அழைத்துவிடுகிறாள். இவ்வளவு விஞ்ஞானம் உள்ளவர்களிடம் ஒழுக்கமும் உயர்ந்துதானே இருக்கும் என்பது அவள் கணக்கு. நீ சொன்னதேதான் மாப்ளே. பிற்பாடு விசாரணையில் 'இந்த முடிவு விஞ்ஞானபூர்வமானதா?' என்று கேட்கிறார்கள். அவளிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நாவலில் நல்லது என்று ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரத்தான் செய்கிறது. தனியாக ஒரு நிலையத்தில் உட்கார்ந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண ஊழியன், 1379 என்ற எண்தான் அவனுக்கு அடையாளம், 'பதில் அனுப்பாதே' என்று மூன்று முறை எச்சரிக்கிறான். அவனுக்கு அந்த மனசைக் கொடுத்தது அவர்களுடைய விஞ்ஞானம் இல்லை. தன் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தவன், இன்னோர் அழகான உலகம் அழியக் கூடாது என்று நினைத்தான்.

விஞ்ஞானம் வளர்ந்தால் மனசும் கூடவே வளர்ந்துவிடாது என்பதை உனக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. பிளாச்சிமடை போராட்டப் பந்தலில் ஒரு நாள் நாம் இரண்டு பேரும் போய் உட்கார்ந்திருந்தோமே. 2000-இல் அந்தக் குளிர்பான ஆலை வந்தபோது நம் பக்கத்தில் அப்படிப்பட்ட மிஷினை யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் சுற்றியிருந்த கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடுப்புமாக மாறியது. முதலில் சொன்னவர்கள் பழங்குடிப் பெண்கள். சோறு பொங்கிப் பார்த்து, வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். நம்ப ஆளில்லை. மயிலம்மா போன்றவர்கள் 2002-இல் ஆலை வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. அதே 2003-இல்தான், உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதை பிபிசி வானொலி ஆய்வகச் சோதனை செய்து சொன்னது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

கருவி இல்லாமல் காட்மியம் தெரிந்திருக்காது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் நாக்கால் கண்டுபிடித்ததைக் கருவி சொன்ன பிறகுதானே ஊர் உலகம் கேட்டது? இந்தக் கேள்வி என்னை இன்னும் அறுக்கிறது. பலமுள்ளவன் வாயை மூடிக்கொண்டு பலமில்லாதவன் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிற இடம் வேறு எங்கோ இருக்கிறது. ராக்கெட் எவ்வளவு உயரம் போனாலும் அந்த இடம் தானாக வந்துவிடாது. அங்கேகூட நியாயம் பாதிதான் கிடைத்தது. 2011-இல் கேரளச் சட்டமன்றம் நஷ்டஈட்டு மசோதாவை நிறைவேற்றியும் ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார்.

அதனால்தான் 1974-இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பியபோது பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரைல் எதிர்த்ததை நான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்கவில்லை. அது போய்ச் சேர ஏறக்குறைய 25,000 வருஷம் ஆகும், ஆபத்து இப்போதைக்கு இல்லைதான். ஆனாலும் பூமி மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சிலர் பேசிவிட்டார்கள். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்த தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழும் மலையாளமும் இல்லை. நம் பஞ்சாயத்தில் ஒரு போர்வெல் போடுவதற்குக்கூட ஆட்சேபணை கேட்கிறார்கள் மாப்ளே!

'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரில் ஒரு விதி உண்டே, வளர்ச்சி குறைந்த கிரகத்தின் போக்கில் தலையிடக் கூடாது என்று. பலமுள்ளவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவும் விலகி நிற்பதுதான். 'நாங்கள் இறங்கலாமா, உங்கள் தண்ணீரைத் தொடலாமா?' என்று முதலில் கேட்டு, 'வேண்டாம்' என்று பதில் வந்ததும் திரும்பிப் போன வேற்றுக்கிரகவாசிகள் எந்தக் கதையிலாவது வருகிறார்களா? நீ என்னைவிட நிறையப் படித்தவன். இருந்தால் பெயரை எழுது, புத்தகம் உன்னிடம் இருந்தால் மீனாட்சிபுரம் வழியாக யாராவது வரும்போது கொடுத்துவிடு. மகளும் படிப்பாள்.

உன் மச்சான்