சின்ன ஜீப்பை உயர்த்த நினைக்கும் திருகோணமலைத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நீங்கள் பெரும்பாலும் சுசுக்கியின் சின்ன ஜீப்பான ஜிம்னியோடு வருகிறீர்கள். சிலர் அப்பாவோ மாமாவோ வைத்திருந்த, அதன் மூத்த மொடலான பழைய எஸ்.ஜே. 410ஐக் கொட்டிலில் இருந்து வெளியே இழுத்து, கோழி எச்சத்தைக் கழுவி, பற்றரி மாற்றிக் கொண்டு வருகிறீர்கள். எந்த ஜீப்பாக இருந்தாலும் என் கராஜ் வாசலில் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எத்தனை இஞ்சி உயர்த்தலாம்?"

போன மாதம் ஒரே கிழமையில் மூன்று பேர் இதைக் கேட்டீர்கள். மூன்று பேரையும் பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். ஒருவர் முகம் கறுத்துப் போனார். காசு தர ஆயத்தமாக நிற்கும் ஆளிடம் வேலை செய்யமாட்டேன் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும்தானே. வாசலில் நின்று அரையும் குறையுமாகச் சொன்னதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். 1970இல் சுசுக்கி விட்ட முதல் ஜிம்னிக்கு 359 சிசி எஞ்சின்தான். இப்போது ஓடுகிற 2018 மொடலுக்கு ஒன்றரை லீற்றர் எஞ்சின், 102 குதிரைவலு. பெரிய பிக்கப்புகளோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பிக்கப்புகள் இரண்டு தொன்னை நெருங்கும்போது இது ஏறக்குறைய 1,100 கிலோ. தம்பலகாமத்து வயல் களியில் பெரிய வண்டி வயிறு தட்டி உட்கார்ந்த இடத்தில் இந்தச் சின்ன வண்டி மேலால் ஓடிப் போவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் (ஷசி), முன்னும் பின்னும் ஒரே துண்டான இரும்பு எக்ஸல் (சில்லு அச்சு), லோ கியர், அதற்கு மேல் பாரமில்லாத உடம்பு. கடவுள் இதற்குக் கொடுத்த வரம் அந்தப் பாரமின்மைதான். இரும்பு பம்பர், வின்ச், கூரைத் தட்டு, இரண்டாவது ஸ்பெயார் சில்லு என்று ஏற்றினால் நூறு கிலோ கண்மூடித் திறக்க முன் ஏறிவிடும். 130 நியூட்டன் மீற்றர் இழுவை உள்ள எஞ்சினுக்கு அது சும்மா விஷயம் இல்லை. கூரையில் ஏற்றுவது இன்னும் மோசம். வண்டியே ஒடுக்கமானது, உயரமானது. வரம்பில் ஒரு பக்கம் சரியும்போது கூரைப் பாரம்தான் அதைக் குப்புறத் தள்ளும்.

சரி, உயர்த்துவதற்கு வருவோம்.

இரண்டு இஞ்சி நீளமான ஸ்பிரிங் போட்டால் உயர்வது வண்டியின் உடம்பும் சட்டமும் மட்டும். எக்ஸலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குகிற டிஃப், சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி, இருக்கிறதே, அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 195/80/15 டயரின் முழு உயரம் ஏறக்குறைய 693 மில்லிமீற்றர். 235/75/15 போட்டால் 733. நாற்பது மில்லிமீற்றர் கூடுகிறது, ஆனால் நிலத்துக்கும் டிஃபுக்கும் நடுவில் கூடுவது அதில் பாதி, இருபது. அந்த இருபதுக்காக எஞ்சின் ஒவ்வொரு கியரிலும் கிட்டத்தட்ட ஆறு வீதம் இழுவையை இழக்கிறது. ஸ்பீட் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63ஐத் தாண்டிப் போகிறீர்கள்.

எங்கள் பக்கத்துப் பாதைகளில் இந்த டிஃப் தான் முக்கியம். கந்தளாய், முள்ளிப்பொத்தானைப் பக்கத்து வயல் வீதிகளை நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் பெரிய உழவு இயந்திரம் போய்ப் போய் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளங்களின் இடைவெளி ஜிம்னியின் சில்லு இடைவெளியை விட அகலம். இரண்டு பக்கச் சில்லும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்காது. ஒன்று பள்ளத்தில், மற்றது நடு மேட்டில். வண்டி சரிந்தபடி ஓட, டிஃப் மேட்டை உழுதுகொண்டு வரும். இதற்கு நீங்கள் போடுகிற மூன்று இஞ்சி லிஃப்ட் ஒரு சதத்துக்கும் உதவாது. இறங்கி நடந்து பார்த்து, எந்தப் பக்கச் சில்லை மேட்டில் வைப்பது என்று முடிவெடுப்பதுதான் உதவும்.

உயர்த்தினால் கெடுவது இன்னொன்று. ஜிம்னியில் முன் எக்ஸலைப் பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கைகளும் கீழ்நோக்கிச் சரிய, காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். எக்ஸலைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பி, பான்ஹார்ட் ரொட், எக்ஸலையே ஒரு பக்கமாக இழுத்து வைக்கும். பழைய வண்டியில் கிங்பின் பெயாரிங்கும் புஷ்களும் ஏற்கனவே தேய்ந்திருந்தால் அப்புறம் சொல்லவே வேண்டாம். இந்த வருடம் உயர்த்திய ஜீப்போடு ஒரு பிள்ளை வந்தார், கை நடுங்கியபடி. கிண்ணியாப் பாலத்தில் எழுபதில் போகும்போது பாலத்தின் இணைப்பில் ஒரு தட்டு. அவ்வளவுதான், ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறித் தள்ளியதாம். பிரேக் பிடித்து நிறுத்தும் வரைக்கும் உதறல் நிற்கவில்லை. எதிரே பஸ் வந்திருந்தால்? 2009இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதை என்கிற படகில் ஏற்றித்தான் வாகனம் அக்கரை போகும். அந்தக் காலத்தில் யாரும் எழுபதில் போய்த் தண்ணீரைக் கடக்கவில்லை. இன்றைக்குப் போகிறோம், அதற்கு ஏற்ற மாதிரி ஸ்டியரிங் இருக்க வேண்டாமா?

ஆகவே கட்டாயம் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு இஞ்சி. அதோடு காஸ்டர் திருத்தும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ரொட், நீளமான பிரேக் குழாய், அதற்கேற்ற ஷொக். இவற்றுக்குக் காசு இல்லையென்றால் லிஃப்டுக்கும் காசு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வெறும் கட்டை வைத்து உயர்த்தித் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

இனி, நான் இந்த மடலை எழுதுவதற்கான உண்மையான காரணம்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு மாரி. மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலர் உணவுப் பொதி கொண்டு போக நாலைந்து ஜீப் சேர்ந்து போனோம். அதில் ஒன்று நான் வேலை செய்து கொடுத்த எஸ்.ஜே. 413. அதன் முன் பம்பரில் ஒரு இழுவைக் கொக்கி, நான் ஒட்டிக் கொடுத்தது. வண்டிக்காரர் அவசரமாகக் கேட்டார், நானும் அரை மணித்தியாலத்தில் வெல்டிங் அடித்து, கறுப்புப் பெயின்ற் பூசி விட்டேன்.

வயல் வீதி ஒன்றில் அந்த ஜீப் புதைந்தது. ஊர்க்காரர் ஒருவர் உழவு இயந்திரம் கொண்டு வந்தார். மட்காட்டில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான், பத்து வயது இருக்கும், வெள்ளம் பார்க்க வந்தவன். கயிற்றைக் கொக்கியில் மாட்டினோம். உழவு இயந்திரம் இழுத்தது, கயிறு விறைத்தது, ஒரு சத்தம். கொக்கி பிடுங்கிக்கொண்டு கயிற்றோடு பறந்து போய், அந்தப் பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி மட்காட்டில் அடித்தது. தகடு உள்ளுக்குப் போய்விட்டது. பிள்ளை அழவும் இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சேற்றில் இருந்து கொக்கியை எடுத்துப் பார்த்தேன். என் வெல்டிங் அப்படியே இருந்தது, வரிசையாக, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல். அதன் பின்னால் பம்பர்த் தகட்டின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. துரு தின்று கடதாசி போல மெல்லியதாய். நான் ஒட்டியது விடவில்லை, ஒட்டிய இடம் விட்டுவிட்டது. பெயின்றுக்கு மேலால் அதை நான் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கொக்கி இன்றைக்கும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

தம்பிமாரே, வண்டியில் முதல் காசு போட வேண்டிய இடம் இதுதான். இழுவைக் கொக்கி சட்டத்தில் பூட்டப்பட வேண்டும், பின்னால் தகடு வைத்து, 8.8 தரப் பொல்ட் போட்டு. தாங்கும் பாரம் எழுதப்பட்ட ஷக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்) பாவியுங்கள். கம்பனியில் இருந்தே அடியில் வருகிற சின்ன வளையங்கள் பல வண்டிகளில் கப்பலிலும் லொறியிலும் கட்டி ஏற்றுவதற்கு வைத்தவை, சேற்றில் இருந்து இழுக்க அல்ல. ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிறு போடாதீர்கள், அது முறிந்து பறந்து உலகத்தில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். கயிற்றின் நீளத்துக்குள் ஒரு மனிதனும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கிட்ட வருவார்கள், அவர்களைத் தூரப் போகச் சொல்வது உங்கள் வேலை.

இரண்டாவது, காற்று. இதற்குச் செலவே இல்லை என்பதால் யாரும் மதிப்பதில்லை. நிலாவெளிக்கு அப்பால், கும்புறுப்பிட்டிப் பக்கம் மணலில் புதைந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடக் காற்றைக் குறைத்திருக்கவில்லை. வீதியில் 26 பி.எஸ்.ஐ. அளவில் இருப்பதை 15க்குக் கொண்டு வந்தால் டயர் தட்டையாகி, நிலத்தில் படும் தடம் நீளும். கத்தி மாதிரி வெட்டி இறங்கிய டயர் ஒட்டகப் பாதம் மாதிரி மேலே மிதக்கும். தட்டையாக்கிய டயரோடு சடுதியாகத் திருப்பக் கூடாது, டயர் றிம்மில் இருந்து கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏற முன் திரும்ப நிரப்ப வேண்டும். அதற்குப் பற்றரியில் ஓடும் சின்னப் பம்பும், நம்பக்கூடிய ஒரு காற்று மீட்டரும் வாங்குங்கள். லிஃப்டின் விலையில் ஒரு மூலைக்கும் வராது.

கரையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். அந்த மணல் சும்மா கிடக்கிற மணல் இல்லை. கரைவலை இழுக்கிறவர்களின் வாடி அங்கே இருக்கிறது, அவர்களின் கயிறும் வலையும் மணலில் புதைந்தபடி கிடக்கும். இலங்கைக் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. சில்லுத் தடத்தின் ஆழம் உங்களுக்கு நாலு விரல், இப்போதுதான் பொரித்து வந்த குஞ்சுக்கு அது ஏற முடியாத கிடங்கு. கடலுக்குப் போகிற வழியில் அதில் விழுந்து, விடிந்த பிறகு வெயிலிலும் காகத்திடமும் சாகும். மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியை அரைத்துக்கொண்டு ஓடி ஒரு படம் எடுப்பதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. ஏற்கனவே வாடிக்காரர் பாவிக்கும் பாதை இருக்கும். அவர்களிடம் கேட்டுவிட்டு அதில் போங்கள்.

உப்பு இன்னொரு எதிரி. கடற்கரை போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், சட்டத்தின் உட்பக்கமும் சேர்த்து. என் கொக்கிக் கதையில் தகட்டைத் தின்றதும் இதே உப்புத்தான்.

தண்ணீரில் இறங்க, எஞ்சினுக்கு உயரத்தில் இருந்து காற்று எடுக்கும் ஸ்நோர்கல் குழாய் பூட்டுகிறீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும், ஸ்நோர்கல் அதைத் தடுக்க உதவும் என்பது சரி. ஆனால் வண்டி மூச்சு விடும் மூக்கு அது ஒன்று மட்டும் அல்ல. ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வடியும். டிஃப், கியர்பொக்ஸ் மூச்சுக் குழாய்களை எஞ்சின் உயரத்துக்குக் கொண்டு வந்து கட்டுவது ஒரு பின்னேர வேலை, கொஞ்ச மீற்றர் ரப்பர்க் குழாய். ஸ்நோர்கலுக்கு முன் அதைச் செய்யுங்கள். ஓடுகிற வெள்ளத்தில் எந்தக் குழாயும் உதவாது. பாரமின்மை வரம் என்று மேலே சொன்னேனே, தண்ணீர் இழுக்கும் இடத்தில் அதே பாரமின்மைதான் வண்டியை மிதக்க வைத்துக் கொண்டு போகும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் பதிவில் மாற்ற வேண்டும். பெரிய வேலை எதற்கும் முன் மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் கேளுங்கள், காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள். கூரையில் பூட்டும் எல்.ஈ.டி. விளக்கு வரிசையை வீதியில் போடாதீர்கள். கந்தளாய் வீதியில் இரவில் எதிரே வருகிற பஸ் சாரதிக்கு யானையும் தெரியாது, மனிதனும் தெரியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இப்போது ஒரு ஜிம்னியின் விலை உங்களுக்குத் தெரியும். கையில் இருக்கிற வண்டி உங்கள் பிள்ளைகளுக்கும் ஓட வேண்டிய வண்டி.

ஞாயிற்றுக்கிழமை என் கராஜ் பூட்டித்தான் இருக்கும், ஆனால் காலையில் நான் உள்ளேதான் நிற்பேன். கேற்றைத் தட்டுங்கள். அடுத்த மாரிக்கு முன் உங்கள் இழுவைக் கொக்கியை மட்டும் காட்டிவிட்டுப் போங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொல்ட்டை இறுக்கித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கராஜ் அண்ணை
திருகோணமலை