கண்மாய்க்கரை வளைவு மின்கம்பப் பணி: நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கண்மாய்க்கரை வளைவில் மின்கம்பங்களை இடம் மாற்றிச் சாலையோரத்தைச் சீர்செய்யும் பணி முடிந்துவிட்டது. பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்த உங்களுக்கு, எதை ஏன் செய்தோம் என்று விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சாலையை அகலப்படுத்தியபோது, ஓரத்தில் நின்ற கம்பங்கள் தார் விளிம்புக்கே வந்துவிட்டன. பேருந்து நிறுத்தம் முதல் பாலம் வரை எல்லாவற்றையும் தள்ளி நட வேண்டும் என்று பொதுக்குழுவில் பலர் கேட்டீர்கள். நாமாகக் கேட்டு மாற்றினால் மின்வாரியம் போடும் எஸ்டிமேட் தொகையை நாமேதான் கட்ட வேண்டும். எல்லாக் கம்பத்துக்கும் கட்ட நம்மால் ஆகாது. அதற்குத் தேவையும் இல்லை. எந்தக் கம்பத்தில் வண்டி மோதும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே கணிக்கலாம். 1979இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபாக்ஸ், குட், ஜூபர்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. சாலையின் வளைவு, போக்குவரத்தின் அளவு, தார்ப்பரப்பின் வழுக்கல், கம்பம் எவ்வளவு தள்ளி நிற்கிறது ஆகியவையே ஆபத்தைக் கூட்டுகின்றன. நம் வளைவின் வெளிப்பக்கத்துக் கம்பங்கள் மூன்றுக்கும் இவை அத்தனையும் பொருந்தின. நம் பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் அங்கேதான்.

ஆகவே பெரும்பகுதிப் பணத்தை அந்த மூன்றுக்கே செலவழித்தோம். வெளிப்பக்கம் கண்மாய்க்கரை என்பதால் பின்னால் தள்ள இடமில்லை, உள்பக்கத்துக்கு மாற்றினோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வளைவில் கம்பிகளின் இழுவை கம்பத்தை உள்பக்கமாகச் சாய்க்கும். அதைத் தாங்க, கம்பத்தின் மேலிருந்து தரைக்குச் சாய்வாக இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியை எதிர்ப்பக்கம், அதாவது சாலையை நோக்கிக் கட்ட வேண்டிவரும். இரவில் பைக்கில் வருபவருக்குக் கம்பத்தைவிட அதுதான் எமன். மின்வாரியப் பொறியாளரிடம் பேசி, ஸ்டேக்குப் பதில் உள்ளே வயல்பக்கம் முட்டுப்போஸ்ட், அதாவது சாய்வாக முட்டுக் கொடுக்கும் கம்பம், கொடுத்தோம். அதற்கு இடம் விட்ட விவசாயிக்கு நம் நன்றி. கம்பிகள் சாலையைக் கடக்கும் இரண்டு இடங்களிலும் விதிப்படி வேண்டிய 5.8 மீட்டர் உயரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே இணைப்பு கொடுத்தார்கள். பழைய கம்பங்களை அடியோடு பிடுங்கிக் குழியை மூடியாயிற்று; ஒரு முண்டுகூட மிச்சமில்லை.

மற்றக் கம்பங்களை இருந்த இடத்திலேயே விட்டோம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, வண்டி விளக்கு படும் உயரத்தில் ஒளிரும் ஸ்டிக்கர் சுற்றியிருக்கிறோம். ஸ்டிக்கர் மோதலின் வேகத்தைக் குறைக்காது. கம்பம் கண்ணில் படுவதற்கு மட்டுமே உதவும்.

வண்டி சாலையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வதே மலிவான, முதல் காப்பு. தாரின் மேல் தார் போட்டுப் போட்டு, விளிம்பில் கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் சக்கரம் இறங்கினால், திரும்ப ஏற்றும்போது வண்டி வெட்டி இழுக்கும். அந்தப் பள்ளத்தைக் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்கு உருளை ஓட்டி நிரப்பினோம். டிராக்டர்கள் சிந்திய மண்ணை இளைஞர் குழு கூட்டி அள்ளியது. வளைவுக்கு முன்பிருந்தே மஞ்சள் அம்புப் பலகைகள் நிற்கின்றன. 40இல் வரும் வண்டியைவிட 80இல் வரும் அதே வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். அதனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையையும் அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒரு வேலை பாக்கி. வளைவின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய சமமாக இருக்கிறது. அடுத்த முறை தார் போடும்போது சரிசெய்யக் கேட்டு மனு கொடுத்துள்ளோம்.

எங்காவது வண்டி மோதிக் கம்பி அறுந்து விழுந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று உறுதியாகும்வரை யாரும் அருகில் போகவேண்டாம். வண்டி தீப்பிடிக்காதவரை உள்ளே இருப்பவர் இறங்கவும் கூடாது. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. எந்த உறுப்பினரும் பார்க்கலாம். மீதித் தொகையை ஸ்டிக்கர் மாற்றவும், மழைக்குப் பின் கிராவல் நிரப்பவும் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
பணிக்குழு