பிள்ளைகளின் காதும் இயர்போனும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் தரம் 9 வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மாணவன் 'பாசி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாதி' என்று எழுதியிருந்தான். அடுத்த வரியிலும் அப்படி ஒரு பிழை. கவனமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "சேர், இரவில படுத்தா காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரிக் கிடக்கு" என்றான். இரண்டு மாதமாக இருக்கிறதாம். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் எந்தப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். சத்தம் வந்து அவற்றை அசைத்தால்தான் மூளைக்குச் செய்தி போகும். பெரிய சத்தம் நெடுநேரம் அடித்தால் அவை சோர்ந்து, கடைசியில் செத்துப்போகின்றன. தோலில் பட்ட காயம் ஆறிவிடும். இவை திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் கலங்கள். 'ச' போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அவைதான் தேவை. அதனால் குரல் கேட்கும், சொல் விளங்காது.

என் அப்பா நெல் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் நாங்கள் உரத்துப் பேசினால், "கத்தாத மகன், விளங்கச் சொல்லு" என்பார். எங்களுக்கு அது புரியவில்லை, எரிச்சல்கூடப் பட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது. அவர் குடும்பத்துக்காக அந்த இரைச்சலுக்குள் நின்றார், வேறு வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான். 100 என்றால் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம். சிறுவர்களுக்கு 80 அல்ல, 75 டெசிபெல்தான் எல்லை. பல போன்கள் முழுச் சத்தத்தில் 100ஐத் தாண்டும். ஆக, எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு சத்தம் என்றும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் ஏன் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்? கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல், மேலே பாட்டு. அதை வெல்லத்தான் காதில் இன்னும் கூட்டுகிறார்கள். வீட்டில் மின்விசிறியும் டிவியும் அதே வேலையைச் செய்கின்றன. அமைதியான மூலையில் இருத்திவிட்டால் சத்தம் தானாகக் குறையும். பஸ்ஸில் இயர்போனே வேண்டாம். சைக்கிளில் வரும்போது கட்டாயம் வேண்டாம், பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்காது.

சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை கழற்றி வைக்கப் பழக்குங்கள். பல போன்களில் உச்ச அளவை செட்டிங்ஸில் கட்டுப்படுத்தி வைக்கலாம். பிள்ளையோடு சேர்ந்து இருந்து செய்யுங்கள், ஒளித்துச் செய்ய வேண்டாம். ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். இயர்போன் போட்டிருக்கும் பிள்ளைக்கு நீங்கள் பேசுவது கேட்கவே இல்லையென்றால் சத்தம் கூடித்தான் இருக்க வாய்ப்பு. இரவில் காதில் மாட்டியபடியே தூங்க விடாதீர்கள். ஒருவருடையதை மற்றவர் மாட்டுவதும் வேண்டாம், காதில் கிருமி தொற்றலாம்.

அம்மாவோ அப்பாவோ கட்டாரிலும் துபாயிலும் இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் நம் பாடசாலையில் பலர். அங்கிருந்து ஆசையாக வாங்கி அனுப்பியதைப் பறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தூரத்தில் இருக்கும் அந்தப் பெற்றோருக்கும் தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு. பகலெல்லாம் வகுப்பு, மாலையில் டியூஷன், இரவில் ஸூம் என்று நாங்களும் சேர்ந்துதான் காதை நிரப்புகிறோம். இந்த மாதத்திலிருந்து தரம் 6 முதல் 9 வரைக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பாடம் அனுப்ப மாட்டோம். எழுதிய குறிப்பே வரும்.

காதில் இரைச்சல், அடைத்தது போன்ற உணர்வு, "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது இருந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். சில நேரம் வெறும் குறும்பியாகவும் இருக்கும், ஆனால் நீங்களே பட்ஸ் விட்டுத் தோண்டாதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

அந்த மாணவனின் வீட்டாரோடு பேசிவிட்டேன், வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள். அவன் இப்போது முன் வாங்கில் இருக்கிறான். உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒரு இடம் தேவையென்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லுங்கள், அன்றே மாற்றித் தருவோம்.

அன்புடன்,
அதிபர்