பலாக் கிற்றாரும் வடக்கு வேலியும்

ரொறன்ரோ
மாசி 14

அன்புள்ள தம்பி,

உன்ர கடிதம் கார்த்திகையிலயே வந்திட்டுது. இப்பதான் பதில், கோவிக்காத. அம்மாவுக்கு நான் நல்லாயிருக்கிறன் எண்டதை முதல் வாசிச்சுக் காட்டு. மிச்சம் உனக்கு.

நீ செய்யிற எலெக்ரிக் கிற்றாருக்குப் பலா நல்ல மரம், ஆனா துளை பெரிசு. 120, 180, 240, 320 எண்டு ஒண்டும் தாண்டாமல் சாண்ட்பேப்பர் போட்டிட்டு, அந்த மரத்தூளையே செல்லாக்கில (அரக்குப் பூச்சு) குழைச்சுக் குறுக்கால இழுத்து அடை. இல்லாட்டி மேல பூசுற லாக்கர் காய்ஞ்சு இறங்க ஊசி குத்தினமாதிரித் தெரியும். பங்குனி, சித்திரைக்குள்ள பூசி முடி. மாரியில பூசினா, லாக்கரில கலக்கிற தின்னர் பறக்கேக்க மேல்பக்கம் குளிர்ந்து, காத்தில நிக்கிற ஈரம் படிஞ்சு பால் ஊத்தினமாதிரி வெளிறும். சோளகம் எழும்பினாப் புழுதி. மெல்லிசா எட்டுப் பத்துத் தரம், நாளுக்கு மூண்டுக்கு மேல வேண்டாம். பிறகு நாலு கிழமை தொடாத. மூக்கை வச்சுப் பார், தின்னர் மணந்தா இன்னும் காயேல்லை. காய்ஞ்ச பிறகு 1000, 1500, 2000 தண்ணி தொட்டுத் தேய். விளிம்பில அழுத்தினியோ, ரெண்டு இழுவையில மரம் வெளிச்சிடும்.

பூச முதல் ஒருக்காப் பூட்டிப் பார்த்தது கெட்டித்தனம். கம்பியில கைவைக்க இரைச்சல் கூடுதெண்டா பிளக் செருகிற ஜாக்கில வயர் மாறிக் கிடக்கு. பிளக்கின்ர நுனியைத் தொடுற நாக்குக்குத்தான் சத்தம் வாற வயர், வளையத்துக்கு எர்த். கம்பியைத் தாங்குற பிரிட்ஜுக்குக் கீழால ஒரு எர்த் வயர் கட்டாயம். ஹம்பக்கருக்கு, அதுதான் கம்பி அதிர்றதைப் பிடிக்கிற ரெட்டைச் சுருள் பிக்கப்புக்கு, 500 கே பொட் (கூட்டிக் குறைக்கிற திருகி), டோனுக்கு 0.022 மைக்ரோ கப்பாசிற்றர். நீ எழுதின 250 கே போட்டா சத்தம் மங்கும். வொலியூம் பொட்டைக் கவிட்டு, கால் மூண்டும் உன்ர பக்கம் பார்க்க வை: இடது பிக்கப், நடு ஜாக், வலது பொட்டின்ர முதுகு. முதுகைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது, 40 வாட் ஈயம் ஒட்டுற அயனாவது வேணும். இரைச்சலை மறிக்க உள்ளுக்கு ஒட்டுற கொப்பர் ரேப்பின்ர பசை கரண்ட் கடத்தாட்டி, பொருத்துக்குப் பொருத்து ஒரு துளி ஈயம் வை.

அம்ப் (சத்தம் கூட்டுற பெட்டி) பிளக்கில மூண்டாவது முள்ளுக்கு எர்த் இருக்கோ எண்டு பார். பிளக் இல்லாமல் வயரைச் சொக்கெற் ஓட்டையில விட்டு நெருப்புக்குச்சியால இறுக்குற வேலை வேண்டாம். கம்பியெல்லாம் எர்த்தில நிக்குது, அம்ப் பழுதெண்டா அடி உனக்குத்தான்.

பக்கத்து அறைக்காரர் லைற் டிம்மரைத் திருப்ப என்ர கிற்றார் வண்டுமாதிரி இரையும். ஆள் இதுவரை ஒரு வார்த்தை கதைச்சதில்லை, ஆனா எத்தினை மணிக்குப் படுக்கிறாரெண்டு எனக்குத் தெரியும். இஞ்ச கரண்ட் 60 ஹேர்ட்ஸ், அங்க 50. இரைச்சலின்ர சுருதியே வேற. தடிச்ச கம்பியில மூண்டாம் பிரெட்டை அமத்தினா எங்கட வீட்டு இரைச்சல் மாதிரி வரும். சில இரவு அதை மட்டும் தட்டிக்கொண்டிருப்பன்.

பிக்கப் இந்த மாசம் அனுப்பேலாது, தபால்காசு கூடிப்போச்சு. மற்றபடி ஒரு குறையுமில்லை. சின்னக்காவின்ர விசயத்துக்குச் சித்திரைக்குள்ள அனுப்புவன்.

நீ பலகை எடுத்த, அப்பு வச்ச பலா எல்லையில நிண்டது, மரத்தில பாதி தனக்கெண்டு பெரியம்மா சொல்றாவாமே? காணி உறுதியை எடுத்து வடக்குப் பக்கம் என்ன எழுதியிருக்கெண்டு பார்த்து, அப்பிடியே கொப்பி பண்ணி அனுப்பு. வேலிக் கதியாலில கைவைக்க விடாத. ஐயாவுக்கு இப்ப சொல்லாத, பிரஷர் ஏறும். மிஞ்சின பலகையை வெளிய வைக்காமல் மாட்டுக்கொட்டிலுக்குள்ள அடுக்கு.

அன்புடன்,
அண்ணா