எஃப் 1.2 லென்ஸ் எடுத்துப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கல்யாண நாட்கள் வந்துவிட்டால் எங்கள் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையில் முதலில் வாடகைக்குப் போவது 50 மிமீ எஃப் 1.2 லென்ஸ்தான். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக ஒளி நுழையும் வாய் அகலும். புகாரோடு திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த லென்ஸ்தான். போன மாதம் ஒரு தம்பி மணமேடைப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பெண்ணின் ஜிமிக்கியில் தொங்கும் முத்துகளை எண்ணிவிடலாம். கண் மட்டும் புகை படிந்தது போல் இருந்தது. "ஃபோக்கஸ் போய்விட்டது அண்ணே" என்றார். டெஸ்ட் சார்ட் முன்னால் வைத்துப் பார்த்தோம். லென்ஸில் ஒரு பழுதும் இல்லை.

ஒரு மீட்டர் தூரத்தில், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), எஃப் 1.2-இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 3 செ.மீ.தான். இரண்டு விரல் அகலம். கண்ணிலிருந்து காது அதைவிடத் தள்ளி இருக்கிறது. குங்குமம் வைக்கப் பெண் தலையைச் சாய்த்தாலே கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இத்தனை விலை கொடுத்துச் செய்த லென்ஸ் ஏன் எஃப் 1.8 அளவுக்குக்கூடப் 'பளிச்' என்று இல்லை என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 50 மிமீ லென்ஸில் எஃப் 1.8-க்கு ஒளி நுழையும் வட்டம் 28 மிமீ இருந்தால் போதும். எஃப் 1.2-க்கு ஏறக்குறைய 42 மிமீ வேண்டும். வெளிச்சம் 2.25 மடங்கு கிடைக்கிறது. ஆனால் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைந்தவற்றோடு ஒரே புள்ளியில் சேராமல் சிதறுகின்றன. இதுதான் கோளப் பிறழ்ச்சி. வட்டம் ஒன்றரை மடங்கானால், அதே கண்ணாடியில் இந்தக் குறை மூன்று மடங்குக்கும் மேல் ஏறும். அதை அடக்கத்தான் கண்ணாடிமேல் கண்ணாடியாகச் சேர்க்கிறார்கள்.

நிக்கான் 1977-இல் கொண்டுவந்த நாக்ட் என்ற 58 மிமீ எஃப் 1.2 லென்ஸின் முன்கண்ணாடி கோள வடிவம் அல்ல. அதைக் கையால் மெருகேற்றினார்கள். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. 2019-இல் வந்த எஃப் 0.95 நாக்டில் 17 கண்ணாடிகள், எடை 2 கிலோ. கிடைத்த வெளிச்சம் பழையதைப்போல் 1.6 மடங்குதான். அதற்கே லென்ஸைக் கேமராவில் பொருத்தும் மவுண்ட்டின் வாயை 44-இலிருந்து 55 மிமீ ஆக்க வேண்டியிருந்தது. அதிலும் ஃபோக்கஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். இதைச் செய்தவர்கள்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு.

வெள்ளை வேட்டியின் கரையில் ஊதாக் கோடு, பின்னால் தெரியும் தீபாவளி விளக்குகள் நடுவில் வட்டமாகவும் மூலையில் மாவடு போலவும் விழுவது, இவையும் பழுதல்ல. முன்னது, எல்லா நிறங்களும் ஒரே புள்ளியில் சேராததால் வரும் நிறப் பிறழ்ச்சி. பின்னது, சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழாய் வெட்டுவதால் வருவது, வாயை எஃப் 2.8 வரை சுருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் கருத்து இது: தாலி கட்டும் நேரத்துக்கு எஃப் 1.2 வேண்டாம். சுற்றிலும் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் எஃப் 2 அல்லது 2.8 வையுங்கள், கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். இன்றைய கேமராக்கள் தாங்கும். மாலை வெளிச்சத்தில் மணமக்களைத் தனியாக நிறுத்தி எடுக்கும்போது எஃப் 1.2 வரை திறவுங்கள், அந்த மென்மையை வேறு லென்ஸில் காண்பது அரிது.

இந்த மாதம் முதல், எஃப் 1.2 எடுப்பவர்கள் உங்கள் கேமராவோடு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். கடையிலேயே படம் எடுத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. லென்ஸ் இரவு உங்களிடம் தங்கினால் அதைப் பைக்குள் விட்டுவிடாமல், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான டிரை கேபினட்டில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதுதான் உண்மையான பழுது.

அன்புடன்,
கடையினர்